பாட்டியின் குரலுக்கு எந்த மைக்?

ஒலிப்பதிவு என்பது ஒரு காலத்தில் வானொலி நிலையத்தாருக்கும் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களுக்கும் மட்டுமே உரிய காரியமாக இருந்தது. இன்று தோட்டத்து வீடுகளில் பள்ளிப் பிள்ளையின் கையில்கூட ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. கைத்தொலைபேசியைத்தான் சொல்கிறேன். பாட்டி தாலாட்டுப் பாடுகிறாள். பேரன் பொத்தானை அழுத்தி, கருவியை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறான். பாட்டு முடிந்தது, பதிவும் முடிந்தது. சில மாதம் கழித்து அதைப் போட்டுப் பார்த்தால் என்ன கேட்கிறது? மேலே சுற்றும் மின்விசிறி கேட்கிறது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கிறது. சேவல் கூவுவது மிக நன்றாகக் கேட்கிறது. பாட்டியின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது. மெட்டுப் புரிகிறது, சொற்கள் புரியவில்லை.

மறுபடி பாடச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். அதற்கும் ஒரு கெடு உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாம் ரயில் பாதை வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்களே, அப்போது நினைவு தெரிந்த குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதின் நடுவைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் தங்கள் தாய்மாரிடம் கேட்ட ஒப்பாரியும் கும்மியும் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. குரலில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த மைக்கைக் கொண்டு, எங்கே வைத்து, அந்தக் குரலை வாங்குவது என்பது கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

மைக் என்று நாம் எல்லோரும் சொல்லும் ஒலிவாங்கி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தப்பு அடிப்பவர் தோலை அடிக்கிறார், தோல் அதிர்ந்து காற்றை அதிர வைக்கிறது, அதுவே ஓசையாகிறது. மைக்கில் இது தலைகீழாக நடக்கிறது. காற்றின் அதிர்வு வந்து ஒரு மெல்லிய சவ்வின் மேல் மோதுகிறது, சவ்வு அதிர்கிறது, அந்த அதிர்வு மின்சாரமாக மாறுகிறது. எந்த மைக்கானாலும் இந்த அளவுக்கு ஒன்றுதான். சவ்வின் அதிர்வை மின்சாரமாக்கும் விதத்தில்தான் மைக்குகள் பிரிகின்றன.

ஒரு வகையில் சவ்வின் பின்னால் மெல்லிய கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். சுருளைச் சுற்றிக் காந்தம் இருக்கும். சவ்வு ஆடும்போது சுருளும் காந்தத்துக்கு நடுவே ஆடும். ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். சைக்கிள் விளக்குக்குச் சக்கரத்தோடு உரசும் டைனமோ வைப்பார்களே, அதே தத்துவம். அதனால்தான் இதற்கு டைனமிக் மைக் என்று பெயர். இதற்கு பேட்டரி தேவையில்லை. கோயில் திருவிழாவில், கல்யாண மண்டபத்தில், கரவோக்கே பாடும் இடத்தில் உருண்டைக் கம்பி வலைத் தலையோடு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

இன்னொரு வகை கண்டென்சர் மைக். இதில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. மிக மிக மெல்லிய சவ்வு ஒன்று, அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஓர் உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் இருக்கும். சவ்வு ஆடினால் இடைவெளி மாறும். அதோடு மின் அளவும் மாறும். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வென்ட் என்ற விஞ்ஞானி இதை உருவாக்கினார். சுருளைச் சுமக்க வேண்டிய பாரம் சவ்வுக்கு இல்லாததால், மூச்சு விடும் ஓசையைக்கூட இது பிடித்துவிடும். ஆனால் இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். ஸ்டூடியோ மைக்குகளுக்கு வழக்கமாக 48 வோல்ட், மைக் வயர் வழியாகவே போகும்.

இந்த வகையின் தம்பி ஒன்று உண்டு. எலெக்ட்ரெட் என்று பெயர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். மின்னேற்றத்தைச் சவ்வுக்குள்ளேயே நிலையாக ஏற்றி வைத்துவிட்டால், பெரிய மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? இதனால் மைக் சிறியதாயிற்று, விலையும் இறங்கியது. எழுபது, எண்பதுகளில் நம் வீடுகளில் இருந்த வானொலி-கேசட் பெட்டிகளின் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கும். பிள்ளைகள் அதன் முன் வாயை வைத்துப் பாடுவார்கள். அந்தத் துளைக்குள் இருந்தது பெரும்பாலும் இதுதான். சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கும் இதுவே. இன்றைய கைத்தொலைபேசிக்குள் சிலிக்கான் சில்லில் செய்த, அரிசி மணி அளவே உள்ள மைக் இருக்கிறது. ரிப்பன் மைக் என்றும் ஒன்று உண்டு; பழைய படங்களில் பாடகர்கள் முன்னால் பெரிதாக நிற்கும். காற்று பலமாக ஊதினாலே கெட்டுப்போகக்கூடியது, நமக்கு வேண்டாம்.

சரி, இவற்றில் எது சிறந்தது? கடைக்குப் போனால் கண்டென்சர்தான் உயர்ந்தது, ஸ்டூடியோவில் அதுதான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். ஸ்டூடியோவில் அது இருப்பது உண்மைதான். ஆனால் ஸ்டூடியோவின் சுவர்களில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். கதவு இரண்டடுக்கு. உள்ளே மின்விசிறி சுற்றாது, வெளியே நாய் குரைத்தால் கேட்காது. அந்த அமைதியில் நுட்பமான காது உள்ள மைக் நன்மை செய்யும். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் உள்ள வீட்டில் அதே மைக்கைக் கொண்டுவந்து வைத்தால், அதன் நுட்பமான காது சேவலையும் மோட்டார் சைக்கிளையும் சேர்த்தே நுட்பமாகக் கேட்கும். காசும் போய், பதிவும் கெடும்.

டைனமிக் மைக் தாழ்ந்தது என்று எண்ணுவதற்கும் காரணமில்லை. மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் இசைத்தட்டு 1982இல் வெளிவந்து உலகமெங்கும் விற்றதே, அதில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்டது ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 7 என்ற டைனமிக் மைக். அதே கம்பெனியின் எஸ்.எம். 57 என்ற டைனமிக் மைக் 1965இல் வந்தது. அமெரிக்க அதிபர்கள் பேசும் மேடையில் பல பத்தாண்டுகளாக இரட்டையாக நிற்பது அதுதான். அதே மைக்கைத்தான் இசைக்குழுக்காரர்கள் முரசின் அருகிலும் வைக்கிறார்கள். அதிபரின் பேச்சுக்கும் முரசின் அடிக்கும் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

நேயர்களே, மைக்கின் விலையைவிடப் பதிவை அதிகமாக மாற்றுவது ஒன்று உண்டு. அதுதான் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பாடுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு சாணுக்கு நகர்த்தினால், மைக்கில் வந்து சேரும் குரலின் அழுத்தம் பாதியாகிவிடும். நான்கு சாண் என்றால் கால் பங்கு. எட்டுச் சாண், அதாவது அறையின் அந்தப் பக்கத்து மேசை என்றால், எட்டில் ஒரு பங்கு. ஆனால் மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கின்றன. மைக்கை எங்கே நகர்த்தினாலும் அவை பெரிதாகக் குறைவதில்லை. எனவே தூரம் கூடக் கூடக் குரல் இளைக்கிறது. இரைச்சல் அப்படியே நிற்கிறது. பிறகு ஒலியைக் கூட்டிக் கேட்டால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல் கேட்டதற்குக் காரணம் இதுதான். கைத்தொலைபேசியின் மேல் குற்றமில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைத்தொலைபேசியை மேசை மேல் வைத்து ஒரு வரி பேசுங்கள். அடுத்து, அதன் அடிப்புற ஓரம் உங்கள் வாயை நோக்கியிருக்க, ஒரு சாண் தூரத்தில் பிடித்து அதே வரியைப் பேசுங்கள். அடிப்புற ஓரத்தில்தான் பெரும்பாலான கைத்தொலைபேசிகளுக்கு முக்கிய மைக் இருக்கிறது. அதை விரலால் மூடிவிடக் கூடாது. இரண்டு பதிவுகளையும் காதில் மாட்டும் ஒலிபேசியில் கேளுங்கள். ஒரு காசு செலவில்லாமல் புது மைக் வாங்கியது போல் இருக்கும்.

அப்படியானால் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துவிடலாமே என்றால், அதிலும் தொல்லை உண்டு. “பாட்டு”, “பிள்ளை”, “பொன்” என்று ‘ப’ வரும் இடங்களில் வாயிலிருந்து காற்று குண்டு போல வந்து சவ்வில் மோதும். பதிவில் ‘டொப்’ என்று கேட்கும். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றே தள்ளிப் பிடித்தால் காற்று விலகிப் போகும், குரல் வந்து சேரும். பஞ்சு உறை போடலாம். அல்லது கம்பியை வளையமாக வளைத்து மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி நடுவில் நிறுத்தலாம். மேலும், மேடை மைக்குகளை மிக அருகில் வைத்தால் குரலின் கனமான பகுதி கூடிக் கேட்கும். வானொலி அறிவிப்பாளர்கள் சிலருக்கு இது பிடித்தமான விஷயம். வயதானவர்களின் மெலிந்த குரலுக்கும் இது கொஞ்சம் உடம்பு கொடுக்கும். அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு விரல் அகலத்திலிருந்து ஒரு சாண் வரை என்பது நல்ல கணக்கு.

அடுத்தபடியாகத் திசை. சில மைக்குகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். சில மைக்குகள் முன்னால் நன்றாகவும், பக்கவாட்டில் குறைவாகவும், பின்னால் மிகக் குறைவாகவும் கேட்கும். இப்படிக் கேட்கும் பரப்பைத் தாளில் வரைந்தால் இதய வடிவம் வருவதால் இதய வடிவ மைக் என்பார்கள். 1966இல் வந்து இன்றும் மேடைகளில் பெரிதும் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 இந்த வகை. இதனால் ஒரு வசதி: எந்த இரைச்சல் வேண்டாமோ, அதற்கு மைக்கின் முதுகைக் காட்ட வேண்டும். சன்னலுக்கு வெளியே சாலை இருந்தால், பாடுகிறவரை வீட்டின் உள்பக்கம் உட்கார வைத்து, மைக்கின் வால் சன்னலைப் பார்க்கும்படி வையுங்கள். கோயில் மேடையில் மைக் ‘கூ’ என்று ஊளையிடுவதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை திரும்ப மைக்குக்குள் போய், மறுபடி பெருகி வருவதால் அந்த ஊளை உண்டாகிறது. ஒலிபெருக்கி மைக்கின் பின்பக்கம் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. பாடும் இளைஞர்கள் சிலர் அழகுக்காக அந்தக் கம்பி வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறார்கள். பின்னால் வரும் ஓசையைக் கழிப்பதற்கென்று வைத்த துளைகள் அதனால் அடைபட்டுப் போகின்றன. அப்போது ஊளை கூடுமே தவிரக் குறையாது.

இனி எந்த ஓசைக்கு எது என்று பார்ப்போம்.

பாட்டியின் பாட்டுக்கும் பேச்சுக்கும் நான் முதலில் சொல்வது காலர் மைக்கைத்தான். சில பத்து வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. காரணம் விலை மட்டுமல்ல. முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டினால், மேடை ஏறாத பெண்களுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது; பாட்டு மறந்துபோகிறது. சேலையில் குத்திய சின்ன மைக்கை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். பிறகு பாட்டு தானாக வரும். தோளெலும்புக்குக் கீழே, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்த வேண்டும். தாலிச் சங்கிலியோ மணிமாலையோ உரசாத இடமாகப் பார்க்க வேண்டும். ஒரு சங்கிலி உரசினால் போதும், ஒரு பாட்டு முழுவதும் ‘கிரிச் கிரிச்’ என்று கெடும். கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைக்கச் சொல்வது சிலருக்கு மனக் கஷ்டம் தரும். அதற்குப் பதில் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடினால்தான் தாலாட்டு வரும் என்றால் தொட்டில் கிறீச்சிடட்டும். அந்த ஓசை பாட்டோடு இருப்பதுதான் நியாயம். இரண்டு பேர் மாறி மாறிப் பாடினால் இரண்டு காலர் மைக் வேண்டும். வயரில்லாத இரட்டை மைக்குகளும் இப்போது கைத்தொலைபேசியில் சொருகும்படி விற்கின்றன. இல்லையென்றால், எல்லாப் பக்கமும் கேட்கும் மைக் ஒன்றை இருவருக்கும் நடுவே, நெருக்கமாக வைக்கலாம்.

பிள்ளைகள் கூட்டாகத் தேவாரம் ஓதுகிறார்கள் என்றால் காலர் மைக் சரிப்படாது. பிள்ளைகளைப் பிறை வடிவில் நிறுத்தி, நடுவே ஸ்டாண்டில் இதய வடிவ மைக்கை வைக்க வேண்டும். குரல் பெரிதாக உள்ள பிள்ளையை ஓரடி பின்னால் நிறுத்துங்கள். மெல்லிய குரல்காரன் முன்னால் வரட்டும். பழைய இசைத்தட்டுக்காரர்கள் ஒரே மைக்கில் பாடகரையும் பக்கவாத்தியங்களையும் பதிந்தது இப்படி ஆளை நகர்த்தி வைத்துத்தான். மைக்கே இல்லாத காலம் ஒன்றும் இருந்தது. மின்சாரத்தால் ஒலிப்பதிவு செய்வது 1925இல்தான் வணிகத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒரு பெரிய தகரக் கூம்புக்குள் கத்திப் பாட வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற நாடக மேடைப் பாடகர்கள் அத்தனை உச்சக் குரலில் பாடிப் பழகியதற்கு மைக்கில்லாத கொட்டகையும் ஒரு காரணம். மெல்லப் பாடினாலும் ஊர் கேட்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது மைக்தான்.

உறுமி மேளத்துக்கு வருவோம். திருவிழா என்றால் நம் தோட்டத்து இளைஞர்கள் பதிவு செய்ய விரும்புவது அதைத்தான்; பெரும்பாலும் கெட்டுப்போவதும் அதுதான். குரலுக்குச் சொன்ன கணக்கை இங்கே தலைகீழாக்க வேண்டும். மேளம் மிகப் பலமான ஓசை. கைத்தொலைபேசியை ஓரடியில் பிடித்தால் கருவியால் தாங்க முடியாமல் ஓசை உடைந்து, கிழிந்த துணி போல் கேட்கும். உடைந்த ஓசையைப் பிற்பாடு எந்தக் கணினியாலும் முழுதாக ஒட்ட முடியாது. எட்டு, பத்து அடி தள்ளி நில்லுங்கள். ஒலி அளவைக் கையால் குறைக்க முடியும் செயலியாக இருந்தால், அடி பலமாக விழும்போதுகூட முள் சிவப்பைத் தொடாதபடி நன்றாகக் குறைத்து வையுங்கள். கருவி தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும்படி விட்டுவிட்டால், ஒவ்வொரு பெரிய அடிக்கும் ஓசை பதுங்கி, அடுத்த நொடியில் தலை தூக்கும், தாளம் நொண்டும். அருகில் வைத்தே ஆக வேண்டுமென்றால் அது டைனமிக் மைக்கின் வேலை. இடி போன்ற ஓசைக்கும் அது அசையாது.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. உறுமியின் உயிர், வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்தக் கனத்த உறுமல்தானே? கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அத்தனை கனமான ஓசையை எழுப்ப முடியாது. பதிவில் இருந்தாலும் அதில் போட்டால் கேட்காது. உறுமல் பதியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் நல்ல ஒலிபேசியிலோ பெரிய ஒலிபெருக்கியிலோ போட்டுக் கேளுங்கள். தவிலுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் குச்சி. ஒரு முகத்துக்கு நேராக மைக்கை வைத்தால் மற்றது மறைந்துபோகும். இரண்டையும் பார்க்கும்படி எதிரே நாலைந்து அடியில் வைக்க வேண்டும். நாதசுரத்தின் அணசுக்குள், அதாவது அந்தப் புனல் வாய்க்குள், மைக்கை நுழைப்பது பலரின் பழக்கம். ஓசை விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே இரண்டு மூன்றடி தள்ளி, குழலின் நடுப்பகுதியை நோக்கி வைத்தால் இனிமையாக இருக்கும்.

கோயிலில் ஒலிபெருக்கியின் முன் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்வதையும் பார்க்கிறோம். அங்கே ஒலிக் கலவைக் கருவி வைத்திருப்பவரிடம் அன்பாகக் கேட்டால், அதிலிருந்தே ஒரு வயர் கொடுப்பார். அதை ஒலிப்பதிவுக் கருவியின் அதற்குரிய துளையில் சொருகினால் போதும், பாடகரின் மைக்கே உங்கள் மைக் ஆகிவிடும்.

அப்படியானால் கண்டென்சர் மைக்குக்கு நம்மிடம் வேலையே இல்லையா? உண்டு. மெல்லிய ஓசைகளுக்கு அதுதான் வேண்டும். விடியற்காலையில் பால்மரத்தில் உளி ஓடும் ஓசை, மங்கில் பால் சொட்டும் ஓசை, பால் வாளியின் கைப்பிடி கிலுங்குவது, காட்டோரத்துப் பறவைகள் ஆகிய இவற்றை டைனமிக் மைக்கில் வாங்கப் பார்த்தால், அது தரும் மின்சாரம் அவ்வளவு சொற்பமாக இருப்பதால், பெருக்கும்போது ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் மேலே வரும். நல்ல கண்டென்சர் மைக் அதைவிட ஐந்து மடங்கு, பத்து மடங்கு பலமான மின் அலையைத் தரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பால்வெட்டும் ஓசையைக் கேட்டதேயில்லை. எங்காவது இன்னும் பால் வெட்டுகிறார்கள் என்றால், அந்த ஒரு வேலைக்காக, இரண்டு கண்டென்சர் மைக் உள்ளடங்கிய கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பள்ளியிலோ இளைஞர் மன்றத்திலோ கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் காற்றுக்கு ரோம உறை கட்டாயம் போட வேண்டும். நம் நாட்டு ஈரப்பதம் கண்டென்சருக்கு ஆகாது. ஈரம் ஏறினால் பொரிவது போல் ‘படபட’வென்று கேட்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. எஸ்.எம். 58 நல்ல மைக். இங்கே சில நூறு வெள்ளி ஆகும். பெயர் பெற்றதாலேயே அதற்குப் போலிகளும் நிறைய வந்துவிட்டன. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ரசீது தரும் கடையில் வாங்குங்கள். இன்னொன்று, இந்த மைக்கை அப்படியே கைத்தொலைபேசியில் சொருக முடியாது. நடுவே ஒரு சின்ன இணைப்புக் கருவி வேண்டும். அதற்கும் தனியாகச் செலவாகும். மைக் விலையை மட்டும் கணக்குப் பார்த்துப் பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வயர் நீளமாகப் போகும் இடத்துக்கு மூன்று முள் உள்ள சொருகியே நல்லது. ஒற்றைச் சொருகி உள்ள கரவோக்கே வயர் நீண்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை வழியில் ஏற்றுக்கொண்டு ‘உம்ம்’ என்று முனகும்.

காலர் மைக் வாங்கும்போது சொருகியைத் திருப்பிப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் கைத்தொலைபேசிக்கு. இரண்டு இருந்தால் கேமராவுக்கு. புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் அந்த வட்டத் துளையே கிடையாது. ஆகவே கைத்தொலைபேசியையும் கடைக்கு எடுத்துப்போய், அங்கேயே சொருகிப் பேசிப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பதிவு செய்யும் நாளில் வீட்டையும் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியை அணையுங்கள். அணைத்தவர்கள் மறுபடி போட மறந்து மீனைக் கெடுத்துக்கொள்வது வழக்கம். அதற்கு ஒலிப்பதிவாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளியே போகத் தேவையான சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். வெறும் சிமெண்டு அறையை விட, மெத்தையும் துணிமணியும் நிறைந்த படுக்கை அறை நல்லது; துணி எதிரொலியை விழுங்கும். கொடியில் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டாலும் போதும். தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. மாலை மழைக்கு முன், காலையிலேயே உட்காருங்கள். கைத்தொலைபேசியில் அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் வையுங்கள். ‘இரைச்சல் நீக்கி’ என்று ஏதாவது வசதி இருந்தால், பாட்டுக்கு அதை அணைத்துவிடுங்கள். நீட்டி இழுக்கும் ஒப்பாரிக் குரலையே இரைச்சல் என்று எண்ணி அது நறுக்கிவிடும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, ஒலிபேசியில் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். அந்த வயதில் நல்ல குரல் ஒரு தடவைதான் வரும். சோதனைக்கு அதைச் செலவழிக்கக் கூடாது.

பதிவின் தொடக்கத்திலேயே, பாடுகிறவரின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி, ஆண்டு ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிந்துவிடுங்கள். இந்தப் பாட்டை யாரிடம் கற்றீர்கள் என்று அவரையே கேட்டு, அந்தப் பதிலையும் பதியுங்கள். அவர் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும்; ஒப்பாரி சில குடும்பங்களில் வெளியாருக்குப் போட்டுக் காட்டும் விஷயமல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி ஒலியைச் சுருக்கிவிடும். ஆகவே மூலப் பதிவை அழிக்காமல், கணினியில் ஒன்றும் வேறொரு வீட்டில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.